ஆய்வு மோசடி: தண்டனை ஏன் கீழ்நோக்கியே பாய்கிறது?

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்திருப்பதை மக்கள் தம் உடல்களின் வழியாகவே முதலில் அறிந்தனர். பிள்ளைகளின் பற்களில் படிந்த பழுப்புக் கறையும், நடுவயதிலேயே இறுகிப்போன மூட்டுகளும் அதைச் சொல்லின. ஆனால் அரசு உடல்களின் சாட்சியத்தை ஏற்பதில்லை, அளவீட்டையே ஏற்கிறது. ஒரு லிட்டர் குடிநீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருத்தல் கூடாது என்னும் வரையறையும், அதை மீறிய கிணறுகளின் கணக்கும் சேர்ந்தே சுமார் 1,900 கோடி ரூபாய் மதிப்பிலான ஒகேனக்கல் குடிநீர் மற்றும் புளோரைடு பாதிப்புத் தணிப்புத் திட்டத்துக்கான நியாயத்தை உருவாக்கின. 2013ஆம் ஆண்டு அத்திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. அறிவியல் கூடத்தில் பதிவான ஓர் எண் ஊர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தது.

அதே மாவட்டத்தின் வடகோடியில், பெங்களூருவின் கழிவுநீரைச் சுமந்துவரும் தென்பெண்ணை, ஒசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் வெண்ணுரையாகப் பொங்குகிறது. அந்த நுரையில் என்ன இருக்கிறது, அது எங்கிருந்து வருகிறது, யார் பொறுப்பு என்ற மூன்று கேள்விகளுக்குமான விடை இரு மாநிலங்களின் மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள் எடுக்கும் நீர் மாதிரிகளில்தான் உள்ளது. சிப்காட் ஆலைகளைச் சுற்றியுள்ள சேரிகளிலும் காலனிகளிலும் வாழ்பவர்களால் தனியார் ஆய்வகத்துக்குக் கட்டணம் கட்டித் தனி அறிக்கை பெற இயலாது. பொதுப்பணத்தில் இயங்கும் அறிவியல்தான் அவர்களுடைய ஒரே சாட்சி.

ஆகவேதான் ஆய்வு மோசடி என்பதைப் பேராசிரியர்களின் உள்வீட்டுச் சண்டையாகக் கருதி நாம் ஒதுங்கி நிற்க முடியாது. அந்தச் சாட்சி பொய் சொன்னால் முதலில் இழப்பவர்கள் நாம். பொய் வெளிப்பட்டுத் தண்டனை வரும்போதும், அது பெரும்பாலும் ஆய்வகப் படிநிலையின் கடைசிப் படியில் நிற்பவர் தலையிலேயே விழுகிறது. அந்தக் கடைசிப் படிக்கு நம் மாணவர்கள் இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

மூன்று குற்றங்கள்

ஆய்வு மோசடி என்று உலகெங்கும் ஏற்கப்பட்டவை மூன்று. செய்யாத சோதனைக்குத் தரவு எழுதுவது புனைவு. செய்த சோதனையின் படத்தையோ எண்ணையோ வேண்டிய முடிவுக்கு ஏற்ப வளைப்பது திரிப்பு. பிறர் எழுத்தையும் கருத்தையும் தமதாகக் காட்டுவது கருத்துத் திருட்டு. நேர்மையான பிழை இம்மூன்றிலும் சேராது. அறிவியல் பிழைகளின் வழியாகத்தான் வளர்கிறது. பிழையைத் திருத்த இயலும். பொய் அடுத்து வருபவரின் உழைப்பையும் சேர்த்து விழுங்கிவிடும்.

இந்திய வரலாற்றில் இம்மூன்றுக்கும் சான்று உண்டு. பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் புவியியல் பேராசிரியர் வி.ஜே. குப்தா, இமயமலையில் கண்டெடுத்ததாகப் பல ஆண்டுகள் எழுதிவந்த புதைபடிவங்கள் உண்மையில் வேறு நாடுகளைச் சேர்ந்தவை என்று ஆஸ்திரேலியப் புவியியலாளர் ஜான் டேலண்ட் 1989ஆம் ஆண்டு நேச்சர் இதழில் அம்பலப்படுத்தினார். இமயமலையின் புவியியல் பற்றிய ஆய்வு இலக்கியமே கலங்கிப்போனது. குப்தாவோ பல்கலைக்கழகப் பணியிலேயே தொடர்ந்தார்.

நமக்கு அண்டையிலுள்ள திருப்பதியில், ஸ்ரீ வெங்கடேசுவரா பல்கலைக்கழகத்தின் வேதியியல் பேராசிரியர் பி. சிரஞ்சீவி சுமார் 70 கட்டுரைகளைத் திருட்டாலும் புனைவாலும் உருவாக்கிப் பன்னாட்டு இதழ்களில் வெளியிட்டது 2008ஆம் ஆண்டு தெரியவந்தது. அவரை ஆய்வு வழிகாட்டும் பணியிலிருந்தும் நிர்வாகப் பொறுப்புகளிலிருந்தும் பல்கலைக்கழகம் விலக்கி வைத்தது. பணிநீக்கம் செய்யவில்லை.

பெங்களூருவின் இரு நிகழ்வுகள்

ஒசூரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பெங்களூரு, இந்திய அறிவியலின் தலைநகரம் என்று பெயர் பெற்றது. அங்கே நடந்த இரு நிகழ்வுகள் பொறுப்பு எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பதைக் காட்டுகின்றன.

முதலாவது, 2012ஆம் ஆண்டு வெளிச்சத்துக்கு வந்தது. பேராசிரியர் சி.என்.ஆர். ராவ் இணையாசிரியராக இருந்த கட்டுரை ஒன்று அட்வான்ஸ்டு மெட்டீரியல்ஸ் இதழில் வெளியாகியிருந்தது. அதன் சில வரிகள் வேறொரு கட்டுரையிலிருந்து அப்படியே எடுக்கப்பட்டிருந்தன. ஆசிரியர்கள் மன்னிப்புக் கோரினர். கட்டுரையின் ஆய்வு முடிவுகள் கேள்விக்கு உள்ளாகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அந்த வரிகளை எழுதியவர் இந்திய அறிவியல் கழகத்தின் முனைவர் பட்ட மாணவர் என்றே பொதுவெளியில் விளக்கம் சொல்லப்பட்டது. அவ்வேளையில் பிரதமரின் அறிவியல் ஆலோசனைக் குழுவின் தலைவராக இருந்த ராவுக்கு 2013ஆம் ஆண்டு பாரத ரத்னா அறிவிக்கப்பட்டது.

இரண்டாவது, மேலும் கடுமையானது. தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் ஆய்வகம் ஒன்று பாக்டீரியாக்கள் இரும்பை உணரும் ஆர்.என்.ஏ. பற்றி எழுதிய கட்டுரை, 2020 அக்டோபரில் நேச்சர் கெமிக்கல் பயாலஜி இதழில் வெளியாகிப் பாராட்டுப் பெற்றது. படங்கள் திரிக்கப்பட்டிருப்பதை இணையத்தில் வாசகர்கள் சுட்டிக்காட்டினர். 2021 ஜூன் இறுதியில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. திரிப்புக்கு ஒருவரே பொறுப்பு என்றும் ஆய்வகத் தலைவருக்கு அதில் பங்கில்லை என்றும் நிறுவனத்தின் உள்விசாரணை முடிவு கூறியது. அந்த முடிவு சரியாகவே இருக்கலாம். ஆனால் நிறுவனமே புகாரைப் பெற்று, நிறுவனமே விசாரித்து, நிறுவனமே தீர்ப்பு வழங்கியது. தன் வழக்கில் தானே நீதிபதியாக இருக்கக்கூடாது என்பது சட்டம் பயிலும் மாணவருக்கு முதலாண்டில் சொல்லித்தரப்படும் விதி. அறிவியல் நிறுவனங்களின் வாசலில் அந்த விதி நின்றுவிடுகிறது.

தண்டனை எப்போதும் ஒருவரோடு நிற்கும் என்றும் சொல்ல முடியாது. விருதுநகர் மாவட்டத்தின் கலசலிங்கம் பல்கலைக்கழகம், படத் திரிப்புப் புகாரில் பேராசிரியர் ஒருவரைப் பணிநீக்கம் செய்ததோடு ஆறு முனைவர் பட்ட மாணவர்களின் பதிவையும் ரத்து செய்தது. பேராசிரியர் மீது நடவடிக்கை எடுக்கும் துணிவு அங்கு இருந்தது. ஆனால் நெறியாளரின் சொல்லை மீற இயலாத இடத்தில் இருக்கும் மாணவருக்கும், அந்தச் சொல்லைச் சொல்லும் இடத்தில் இருப்பவருக்கும் குற்றத்தில் சம பங்கு உண்டா என்ற கேள்வி எஞ்சுகிறது.

விதிமுறையிலேயே இருக்கும் ஏற்றத்தாழ்வு

இது தனிமனிதர்களின் பாரபட்சம் மட்டுமன்று, எழுத்திலேயே இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2018 ஜூலையில் கல்வி நேர்மை மேம்பாடு மற்றும் கருத்துத் திருட்டுத் தடுப்பு ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. அதன் தண்டனைப் பிரிவை இரு பத்திகளாகப் பிரித்து அருகருகே வைத்துப் படித்தால் போதும்.

ஆய்வேட்டில் 10 முதல் 40 விழுக்காடு வரை ஒப்புமை இருந்தால் மாணவர் ஆறு மாதத்துக்குள் திருத்தி அளிக்க வேண்டும். 40 முதல் 60 விழுக்காடு வரை என்றால் ஓராண்டு வரை திருத்திய ஆய்வேட்டை அளிக்கத் தடை. 60 விழுக்காட்டைக் கடந்தால் பதிவே ரத்து. அதாவது முனைவர் பட்டக் கனவு அத்துடன் முடிந்தது.

ஆசிரியர் வெளியிட்ட கட்டுரையில் அதே 60 விழுக்காட்டுக்கு மேல் திருட்டு இருந்தால் என்ன ஆகும்? கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும். இரண்டு ஆண்டு ஊதிய உயர்வு கிடையாது. மூன்று ஆண்டுகளுக்குப் புதிய மாணவர்களுக்கு நெறியாளராக இருக்க முடியாது. குற்றம் மீண்டும் நிகழ்ந்தால்தான் இடைநீக்கம், பணிநீக்கம் ஆகியவை பேசப்படுகின்றன. ஒரே அளவு குற்றத்துக்கு ஒருவர் எதிர்காலத்தையே இழக்கிறார், மற்றவர் இரண்டு ஊதிய உயர்வை இழக்கிறார்.

இன்னொரு முரணும் உண்டு. மாணவரின் ஆய்வேடு கருத்துத் திருட்டு அற்றது என்று நெறியாளர் சான்றிதழ் வழங்க வேண்டும் என்கிறது அதே ஒழுங்குமுறை. ஆய்வேடு திருட்டு என்று பின்னர் உறுதியானால் சான்றிதழ் வழங்கியவருக்கு என்ன தண்டனை? ஆய்வேட்டுக்கான தண்டனைப் பிரிவில் அவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வேறு எந்தத் துறையிலாவது பொய்ச் சான்று அளித்தவர் இவ்வளவு எளிதாக நீங்கிச் செல்ல முடியுமா?

விசாரிக்கும் குழுக்களின் அமைப்பும் கவனிக்கத்தக்கது. துறை அளவிலான குழுவின் தலைவர் துறைத் தலைவரே. நிறுவன அளவிலான குழுவின் உறுப்பினர்களை நியமிப்பவர் நிறுவனத் தலைவர். இயற்கை நீதிக் கோட்பாட்டைப் பின்பற்ற வேண்டும் என்று ஒழுங்குமுறை சொல்கிறது, நல்லதே. ஆனால் குழுவில் மாணவர் பிரதிநிதி இல்லை. பட்டியல் சாதி, பழங்குடி உறுப்பினர் ஒருவராவது இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த ஒழுங்குமுறை தண்டிப்பது கருத்துத் திருட்டை மட்டுமே. மென்பொருள் விழுக்காடு போட்டுக் காட்டக்கூடிய குற்றம் அது. தரவுப் புனைவும் படத் திரிப்பும் எந்த மென்பொருள் விழுக்காட்டிலும் வராதவை. ஆங்கிலத்தில் எழுதப் பழகிக்கொண்டிருக்கும் முதல் தலைமுறை மாணவர், சில பத்திகளைச் சொந்த நடையில் மாற்றி எழுதத் தெரியாமல் சிக்கிக்கொள்கிறார். சரளமான ஆங்கிலத்தில் பொய்த் தரவு எழுதுபவர் ஒப்புமைச் சோதனையை எளிதில் கடந்துவிடுகிறார்.

கடைசிப் படியில் யார்?

மேற்சொன்ன நிகழ்வுகளில் எவருடைய சாதியையும் நாம் ஆராயவில்லை, அது தேவையும் இல்லை. நாம் பேசுவது அமைப்பைப் பற்றி. அமைப்பின் மேற்படிகளில் யார் இருக்கிறார்கள் என்பது பதிவான உண்மை. முன்னணி ஐ.ஐ.டி.க்களிலும் இந்திய அறிவியல் கழகத்திலும் பேராசிரியர் நிலையில் தலித்துகளும் பழங்குடியினரும் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு என்று நேச்சர் இதழ் 2023ஆம் ஆண்டு தரவுகளுடன் எழுதியது.

இந்த நிலைக்குச் சட்டத்தின் ஒப்புதலும் உண்டு. மத்தியக் கல்வி நிறுவனங்களில் ஆசிரியர் பணியிட இடஒதுக்கீட்டுச் சட்டம், 2019இன் நான்காம் பிரிவு, அட்டவணையில் கண்ட நிறுவனங்களுக்கு இடஒதுக்கீட்டிலிருந்து விலக்கு அளிக்கிறது. அந்தச் சிறிய அட்டவணையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் உள்ளது. தேசிய உயிரியல் அறிவியல் மையம் அதன் ஓர் அங்கம். பேராசிரியர் ராவ் பணியாற்றிய ஜவகர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையமும் அதே அட்டவணையில் உள்ளது. 'சிறப்பு' என்ற பெயரில் நமக்கு வாசல் அடைக்கப்படுகிறது. இடஒதுக்கீடு வந்தால் தரம் குறையும் என்று சொல்லி விலக்குப் பெற்ற நிறுவனங்களிலிருந்துதான் மன்னிப்புக் கடிதங்களும் திரும்பப் பெற்ற கட்டுரைகளும் வந்திருக்கின்றன. தரத்தைக் காப்பது பிறப்பல்ல, கண்காணிப்பு என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

ஒசூர், கிருஷ்ணகிரிப் பகுதி மாணவர்களுக்கு எல்லை இன்னொரு சுமையைச் சேர்க்கிறது. ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதிச் சான்றிதழுக்கு வேறொரு மாநிலத்தின் இடஒதுக்கீட்டில் இடமில்லை என்பதை உச்ச நீதிமன்றம் 1990ஆம் ஆண்டு மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கிலும், 2018ஆம் ஆண்டு பீர் சிங் வழக்கிலும் உறுதிப்படுத்தியது. அத்திப்பள்ளியைத் தாண்டிவிட்டால், ஒசூரின் ஆதிதிராவிட மாணவர் கர்நாடக மாநில நிறுவனத்தில் பொதுப் பிரிவினராகிவிடுகிறார். சாதி மட்டும் சோதனைச் சாவடியில் நின்றுவிடுவதில்லை, அவருடனேயே எல்லை தாண்டி வருகிறது.

இவ்வளவையும் கடந்து ஆய்வகத்துக்குள் நுழையும் மாணவருக்கு மாத உதவித்தொகைதான் வருமானம். பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய உதவித்தொகை இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாய். அதில் ஒரு பகுதி பெரும்பாலும் ஊரிலுள்ள குடும்பத்துக்குச் செல்கிறது. முன்னேற்ற அறிக்கையில் கையெழுத்திடுபவர் நெறியாளர். அந்தக் கையெழுத்து இல்லையெனில் பணம் இல்லை. எதிர்பார்த்த முடிவு வரவில்லை என்று சொல்லத் துணிவு வேண்டும். நெறியாளர் தரவை மாற்றச் சொல்கிறார் என்று புகார் செய்ய அதைவிடப் பெரிய துணிவு வேண்டும். உதவித்தொகை நிறுத்தம் ஒரு மாணவரை எங்கே கொண்டு நிறுத்தும் என்பதை 2016 ஜனவரியில் ஐதராபாத்தில் ரோகித் வெமுலாவின் மரணத்தில் நாடு கண்டது.

இழப்பு யாருக்கு?

பொய்யான ஆய்வின் விலையை ஆய்வகத்துக்கு வெளியே உள்ளவர்களும் கொடுக்கிறார்கள். பிகானேரி நர்மா பி.டி. பருத்தியின் கதை இதற்கு எடுத்துக்காட்டு. நாக்பூரிலுள்ள மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிறுவனமும் கர்நாடகத்தின் தார்வாட் வேளாண் அறிவியல் பல்கலைக்கழகமும் இணைந்து உருவாக்கிய இந்த விதை, பொதுத்துறையின் முதல் பி.டி. பருத்தி என்ற பெருமிதத்துடன் 2009ஆம் ஆண்டு சந்தைக்கு வந்தது. கலப்பின விதையைப்போல ஆண்டுதோறும் வாங்க வேண்டியதில்லை. விளைச்சலிலிருந்தே விதை எடுத்து வைக்கலாம். கடன் வாங்கி விதை வாங்கும் சிறு விவசாயிக்கு இது பெரிய வாக்குறுதி.

சொந்தமாக உருவாக்கியதாகச் சொல்லப்பட்ட அந்த விதையில் மான்சாண்டோ நிறுவனத்தின் மரபணு இருப்பது விரைவில் தெரியவந்தது. விற்பனை நின்றது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் அமைத்த சோபோரி குழு அந்த மரபணு இருப்பதை 2012ஆம் ஆண்டு அறிக்கையில் உறுதிசெய்தது. விஞ்ஞானிகளுக்கு அது ஒரு விசாரணை. விவசாயிக்கோ மலிவான பொது விதை என்ற வாய்ப்பே கைநழுவியது, சந்தை தனியாரின் கையிலேயே தங்கியது. பொது அறிவியலின் தோல்விக்கு முதலில் விலை கொடுப்பவர் நிலம் குறைந்தவரும் நிலமற்றவருமே.

சுற்றுச்சூழல் ஆய்விலும் இதே ஆபத்து உள்ளது. நீரி எனப்படும் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கைகளை நீதிமன்றங்களும் தீர்ப்பாயங்களும் சான்றாகக் கொள்கின்றன. அதன் முன்னாள் இயக்குநர் மீதும் விஞ்ஞானிகள் சிலர் மீதும் தனியார் நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் வழங்கியதில் ஊழல் என்று மத்தியப் புலனாய்வுத் துறை 2024 ஜூலையில் வழக்குப் பதிவு செய்தது. குற்றம் இன்னும் மெய்ப்பிக்கப்பட வேண்டும். ஆனால் கெலவரப்பள்ளியின் நுரையைப் பற்றி நாளை ஒரு நிபுணர் அறிக்கை வரும்போது, அதை எழுதியவருக்கு யாரிடமிருந்து பணம் வருகிறது என்று கேட்கும் உரிமை அந்த நீரைப் பயன்படுத்துவோருக்கு உண்டு.

சட்டத்தில் இருக்கும் வெற்றிடம்

அமெரிக்காவில் மக்கள் நலத்துறையின் கீழ் ஆய்வு நேர்மை அலுவலகம் 1992 முதல் இயங்குகிறது. பொதுப்பணத்தில் மோசடி செய்தால் சிறையும் உண்டு. எச்.ஐ.வி. தடுப்பூசி ஆய்வில் முயல்களின் இரத்த மாதிரியில் மனித எதிர்ப்பொருளைக் கலந்த அயோவா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளருக்கு 2015ஆம் ஆண்டு 57 மாதச் சிறைத்தண்டனையும் சுமார் 72 லட்சம் டாலர் திருப்பிச் செலுத்தும் ஆணையும் கிடைத்தன. டென்மார்க் 2017ஆம் ஆண்டு தனிச் சட்டம் இயற்றியது. சுவீடன் 2020 முதல் விசாரணையைப் பல்கலைக்கழகங்களிடமிருந்து எடுத்துத் தேசிய வாரியத்திடம் ஒப்படைத்தது.

இந்தியாவில் அத்தகைய சட்டபூர்வ அமைப்பு இல்லை. 1986ஆம் ஆண்டு சில விஞ்ஞானிகள் தாமாகத் தொடங்கிய அறிவியல் விழுமியங்களுக்கான சங்கம் பல மோசடிகளை வெளிக்கொணர்ந்தது, ஆனால் அதற்குத் தண்டிக்கும் அதிகாரம் கிடையாது. ஐந்து ஆண்டுகளில் 50,000 கோடி ரூபாய் ஆய்வுக்கு என்ற அறிவிப்புடன் 2023ஆம் ஆண்டு அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டம் வந்தது. பிரதமரே அதன் ஆட்சிக் குழுத் தலைவர். பணத்தைப் பங்கிட அமைப்பு வந்தது, பொய்யை விசாரிக்கும் சுதந்திர அமைப்பு வரவில்லை. முறைகேட்டை வெளிப்படுத்துவோரைக் காக்க 2014ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் இன்றுவரை நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. புகார் செய்யும் மாணவருக்குக் கவசம் இல்லை என்பதன் பொருள் இதுதான்.

நாம் கேட்க வேண்டியவை

முதலாவதாக, பொதுப்பணம் பெறும் எல்லா நிறுவனங்களுக்கும் பொருந்தும் சுதந்திரமான ஆய்வு நேர்மை ஆணையம் சட்டத்தின் வழி அமைய வேண்டும். புனைவு, திரிப்பு, திருட்டு மூன்றும் அதன் வரம்புக்குள் வர வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி உறுப்பினர்களும் மாணவர் பிரதிநிதியும் அதில் கட்டாயமாக இடம்பெற வேண்டும்.

இரண்டாவதாக, 2018 ஒழுங்குமுறையின் தண்டனை அளவு தலைகீழாக வேண்டும். அதிகாரம் கூடக்கூடப் பொறுப்பும் கூட வேண்டும். சான்றிதழ் அளித்த நெறியாளரும், பெயரைச் சேர்த்துக்கொண்ட இணையாசிரியரும் பொறுப்பிலிருந்து தப்பக் கூடாது.

மூன்றாவதாக, விசாரணைக் காலத்தில் மாணவரின் உதவித்தொகையும் விடுதியும் பறிக்கப்படக் கூடாது. புகார் செய்த மாணவரும், நெறியாளரை இழந்த மாணவரும் வேறு நெறியாளரிடம் மாற்றப்பட வேண்டும். 2014 சட்டம் உடனே நடைமுறைக்கு வர வேண்டும்.

நான்காவதாக, 2019 சட்டத்தின் விலக்கு அட்டவணை நீக்கப்பட வேண்டும். ஒரே சமூகத்தாரும் ஒரே நட்பு வட்டமும் நிரம்பிய அறையில் கேள்வி கேட்பவர் எழுவது அரிது.

இவை வரும்வரை மாணவர்கள் தம்மைக் காத்துக்கொள்ளும் வழிகளும் உண்டு. ஆய்வுக் குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதுங்கள், மூலத் தரவின் நகலைப் பத்திரப்படுத்துங்கள். தரவை மாற்றச் சொல்லும் வாய்மொழி ஆணைக்கு எழுத்தில் விளக்கம் கேளுங்கள். விசாரணைக் குழு அழைத்தால் குற்றச்சாட்டின் நகலையும் சான்றுகளையும் கேட்டுப் பெறுங்கள். அவற்றைத் தராமல் தண்டிப்பது இயற்கை நீதிக்கு முரண், அதை அரசமைப்பின் 226ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். முடிந்துபோன விசாரணைகளின் அறிக்கைகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழி கேட்கலாம். மறுத்தாலும் அந்த மறுப்பு ஓர் ஆவணம்.

அண்ணல் அம்பேத்கர் அரசமைப்பில் எழுதிவைத்த சமத்துவம், நீதிமன்றத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் உரியதன்று. நம் வரிப்பணத்தில் எரியும் விளக்கின்கீழ் நடக்கும் ஒவ்வொரு சோதனைக்கும் அது பொருந்தும். கிருஷ்ணகிரியின் கிணற்றில் அளந்த எண் உண்மையாக இருந்ததால் நம் ஊர்களுக்குத் தண்ணீர் வந்தது. இனி அளக்கப்படும் ஒவ்வோர் எண்ணும் உண்மையாக இருக்க வேண்டுமானால், அளக்கும் கை பொய்யெழுத மறுக்கும் உரிமை பெற்றிருக்க வேண்டும். அந்த உரிமைக்கான போராட்டமும் சமூக நீதிப் போராட்டத்தின் ஒரு பகுதியே.